கால் முளைத்த புள்ளி

ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் எழுதினால் ரயிலைப் பற்றித்தான் எழுதுவார் என்று மலர்க் குழுவினர் நினைத்திருப்பார்கள். கடைசியில் ரயிலும் வரும். ஆனால் இந்த முறை நான் எடுத்துக்கொண்ட விஷயம், நம்மவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது கமா போடும் விதம். சிரிக்க வேண்டாம். தேஹு ரோடில் நம் குடும்பங்களில் வீட்டுக்குள் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், காகிதம் என்று வந்துவிட்டால் பெரும்பாலும் ஆங்கிலம். பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பம், கன்டோன்மென்ட் போர்டுக்கு மனு, டிப்போவிலும் பாக்டரியிலும் மேலதிகாரிக்குக் கடிதம், வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம், உயில் என்று நம் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற எழுத்தெல்லாம் நாம் வீட்டில் பேசாத ஒரு மொழியில் இருக்கிறது. அதில் ஸ்பெல்லிங் தப்பைப் போனே திருத்திவிடுகிறது. இலக்கணத்தையும் ஓரளவு பார்த்துக்கொள்கிறது. கமாவில் மட்டும் அதை நம்ப முடியாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் டிப்ளமோ படித்தவன், ஆங்கிலப் பண்டிதன் இல்லை. ஆனால் டெண்டர் நிபந்தனைகளையும் விசாரணை அறிக்கைகளையும் ஆயுள் முழுக்கப் படித்தவன். ஒரு வாக்கியத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்துவிட்டால் எத்தனை ஃபைல் பெருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நமக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தது என்ன? படிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறாயோ அங்கே கமா. தமிழ் இலக்கண வகுப்பிலும் அதே கணக்குதான். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று நேரத்தை அளந்து கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் இங்கே படிக்கிற மராத்தியில் அதற்குப் பெயர் ஸ்வல்பவிராம், இந்தியில் அல்பவிராம். இரண்டுக்கும் சிறு நிறுத்தம் என்றே பொருள். ஆக மூன்று மொழியும் சேர்ந்து குழந்தையின் மனத்தில் கமா என்றால் இளைப்பாறும் இடம் என்று பதிய வைத்துவிடுகின்றன. ஆங்கிலக்காரன் எடுத்துக்கொண்ட கமா என்ற சொல்லோ கிரேக்கச் சொல். வெட்டி எடுத்த துண்டு என்று அர்த்தம். அங்கும் ஆதியில் அது வாய்விட்டுப் படிப்பவருக்கான குறியாகத்தான் இருந்தது. அச்சு வந்து, சட்டமும் வியாபாரமும் காகிதத்திலேயே நடக்க ஆரம்பித்தபின், வாக்கியத்தின் எந்தத் துண்டு எதோடு சேரும், எதோடு சேராது என்று காட்டுகிற வேலை அதன் தலையில் ஏறிவிட்டது.

ரயில்வே பாஷையில் சொன்னால், முற்றுப்புள்ளி ஸ்டாப் சிக்னல். கமாவைக் காஷன் போர்டு என்று நினைத்து நாம் வேகத்தைக் குறைக்கிறோம். உண்மையில் அது யார்டில் இருக்கும் பாயிண்ட். பின்னால் வருகிற பெட்டிகள் எந்த லைனுக்குப் போகும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பாயிண்ட் தவறாக இருந்தால், வண்டி எவ்வளவு மெதுவாக வந்தும் பிரயோஜனமில்லை.

இந்த விஷயத்தில் நாம் தடுமாறுவதற்குக் காரணம் நம் மந்தபுத்தி இல்லை. தமிழுக்கு இந்தக் குறி அவ்வளவாகத் தேவைப்படவே இல்லை. ஓலைச்சுவடியில் கமா கிடையாது. மெய்யெழுத்தின் தலைமேல் வைக்க வேண்டிய புள்ளியையே பல சுவடிகளில் விட்டுவிட்டார்கள், ஓலை கிழியும் என்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் போன்றவர்கள்தான் உரைநடையில் இந்தக் குறிகளை முறையாகப் பயன்படுத்தினார்கள். அதற்கு முன்பு நம் மொழி எப்படிக் காலம் தள்ளியது? வேற்றுமை உருபை வைத்துத்தான். 'லெட்ஸ் ஈட் கிராண்ட்மா' என்று கமா இல்லாமல் எழுதினால் பாட்டியையே சாப்பிட்டுவிடலாம் என்று ஆகிவிடும் என்பது ஆங்கிலப் பள்ளிகளில் அரைத்த மாவு. தமிழில் அந்தப் பயம் இல்லை. 'ஐ' என்ற உருபு ஒட்டாதவரை நம் பாட்டிக்கு ஓர் ஆபத்தும் வராது. அழைப்பதற்கு விளி வேற்றுமை தனியாக இருக்கிறது: மகனே, தம்பீ, ராமா. ஆங்கிலத்தில் அந்த ஏகாரத்தின் வேலையைக் கமா செய்கிறது. அடுக்கிச் சொல்ல 'உம்' இருக்கிறது. ராமனும் சீதையும் இலக்குவனும் என்றால் யார் யாரோடு என்ற குழப்பமே எழாது. (அந்த அழகான 'உம்'மை விட்டுவிட்டு இப்போது எல்லோரும் 'மற்றும்' போட்டு எழுதுகிறார்கள். அதைப் பற்றி இன்னொரு மலரில் சண்டை போடலாம்.)

இந்தி வாத்தியார்கள் இங்கே பிள்ளைகளுக்கு ஒரு உதாரணம் சொல்வார்கள். 'ரோக்கோ மத் ஜானே தோ.' ரோக்கோவுக்குப் பின் கமா வைத்தால் நிறுத்து, போக விடாதே. மத் என்பதற்குப் பின் வைத்தால் நிறுத்தாதே, போக விடு. தமிழில் 'நிறுத்தாதே' என்று எதிர்மறை வினையோடு ஒட்டிக்கொள்வதால் இந்த வில்லங்கமும் நமக்கு இல்லை. ஆகவே தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர், கமாவை ஒரு அலங்காரம் என்றே நினைத்துவிடுகிறார்.

பெரிய பள்ளம் இருப்பது பெயரெச்சத்தில். 'சென்னையில் இருக்கும் என் அண்ணன்' என்று தமிழில் சொன்னால், எனக்கு ஓர் அண்ணனா நான்கு அண்ணனா என்று அந்தத் தொடர் காட்டாது. கேட்பவருக்கும் கவலை இல்லை. ஆங்கிலத்தில் 'மை பிரதர் ஹூ இஸ் இன் சென்னை' என்று கமா இல்லாமல் எழுதினால், பல சகோதரர்களில் சென்னையில் இருக்கிறவர் என்று பொருள். 'பிரதர்' என்பதற்குப் பின் ஒரு கமாவும் 'சென்னை' என்பதற்குப் பின் ஒரு கமாவும் வைத்தால், ஒரே சகோதரர், அவர் இருப்பது சென்னையில் என்று பொருள். ஒரு ஜோடிக் கமா ஒரு குடும்பத்தின் ஜனத்தொகையையே மாற்றிவிடுகிறது.

இது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. நம் பகுதியில் ஒரு குடும்பத்தலைவர் இறந்தபின், அவர் கணக்கில் இருந்த பணத்துக்காக மகன் விண்ணப்பம் எழுதினார். கல்யாணமாகிச் சேலத்தில் இருக்கும் என் தங்கைக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்பது அவர் சொல்ல வந்தது. கமா இல்லாமல் எழுதியிருந்தார். அந்த அலுவலகத்திலிருந்து, மற்ற தங்கைகளின் சம்மதக் கடிதம் எங்கே என்று பதில் வந்தது. இருப்பதோ ஒரே தங்கை. இல்லாத தங்கைகள் இல்லை என்று நிரூபிக்க, அஃபிடவிட், நோட்டரி, ரேஷன் கார்டு நகல் என்று நான்கு மாதம் ஓடியது. குமாஸ்தா செய்தது அநியாயம் என்று பலர் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். அவர் எழுதியிருந்ததைப் படித்தார், அவ்வளவுதான்.

போனை நம்ப முடியாது என்று மேலே சொன்னேனே, அதற்குக் காரணமும் இதுதான். கமா வைத்தாலும் வைக்காவிட்டாலும் இரண்டுமே இலக்கணப்படி சரியான வாக்கியங்கள். எது உண்மை என்பது, நமக்கு எத்தனை தங்கை என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். எந்த மெஷினும் நம் வீட்டு ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருத்தாது.

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்த்தன என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். நாம் வாழும் மகாராஷ்டிரத்திலேயே ஒரு வழக்கு உண்டு. விதர்பா பகுதியில் அப்போது நடப்பில் இருந்தது 1949-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை. குடியிருப்பவரை எப்போது காலி செய்யச் சொல்லலாம் என்பதற்கு அதில் ஒரு பிரிவு. அவர் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தால் என்று சொல்லி, அங்கே ஒரு கமா. பிறகு, அல்லது நான்கு மாதம் தொடர்ந்து ஊரில் இல்லாமலிருந்து, இந்த வீடு அவருக்கு நியாயமாகத் தேவைப்படாதிருந்தால் என்று முடிகிறது. வேறு இடம் கிடைத்துவிட்டாலும் இந்த வீடும் எனக்குத் தேவை, ஆகவே காலி செய்யச் சொல்ல முடியாது என்று வாதிட முடியுமா? 1988-இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. தேவையில்லை என்ற நிபந்தனை கமாவுக்குப் பின்னால் இருக்கும் பகுதியோடு நின்றுவிடுகிறது, கமாவைத் தாண்டி முன்னால் போகாது என்று தீர்ப்பு. பள்ளியில் தீவக அணி படித்தது நினைவிருக்கும். ஓர் இடத்தில் வைத்த விளக்கு பல இடங்களுக்கு வெளிச்சம் தருவதுபோல், ஓர் இடத்தில் நின்ற சொல் பல இடங்களில் போய்ப் பொருள் தருவது. கடைசியில் நிற்கும் சொல் முன்னால் உள்ள எல்லாவற்றோடும் சேர்ந்தால் கடைநிலைத் தீவகம். கவிதையில் அது அழகு. ஒப்பந்தத்தில் அதுவே தகராறு. அந்த வெளிச்சம் எதுவரை போகலாம் என்று குறுக்கே எழுப்பும் சுவர்தான் கமா. (அந்த 1949 ஆணை இப்போது இல்லை. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 வந்துவிட்டது. ஆனால் பதினொரு மாத லீவ் அண்டு லைசென்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற நம்மவர்கள், அதில் உள்ள கமாக்களை ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது.)

வீடு போகட்டும், மனிதனின் சுதந்திரமே இதில் மாட்டியிருக்கிறது. அரசியல் சட்டம் அமலுக்கு வந்த அதே 1950-இல், சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தம் தடுப்புக் காவலை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு ஒருவரை விசாரணையின்றி மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டுமானால் ஆலோசனைக் குழுவின் கருத்து வேண்டும் என்கிறது. ஆனால் எந்தச் சூழ்நிலையில், எந்த வகை வழக்குகளில் அந்தக் குழு இல்லாமலே வைக்கலாம் என்று பாராளுமன்றம் சட்டம் செய்யலாம் என்று விதிவிலக்கும் தருகிறது. சூழ்நிலை, வகை என்ற இரண்டையும் சட்டம் சொல்ல வேண்டுமா, ஒன்றைச் சொன்னால் போதுமா? ஆங்கில மூலத்தில் இரண்டுக்கும் நடுவே இருப்பது 'அண்ட்' என்ற சொல். இரண்டும் வேண்டும் என்றுதான் நீங்களும் நானும் படிப்போம். தலைமை நீதிபதி கானியா வேறு மாதிரிப் படித்தார். 'விச்' என்ற சொல் இரண்டு முறை வருவதையும், ஒவ்வொன்றின் பின்னும் கமா இருப்பதையும் காட்டி, இவை தனித்தனி, ஏதாவது ஒன்று போதும் என்றார். பெரும்பான்மைத் தீர்ப்பு அந்தப் பக்கமே நின்றது. 23 ஆண்டுகள் கழித்து, 1973-இல் சம்பு நாத் சர்க்கார் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. 'அண்ட்' என்றால் 'அண்ட்'தான், இரண்டும் வேண்டும் என்று. நடுவில் அந்த 23 ஆண்டுகள் ஓடிப்போயின.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். 1952-இல் இன்னொரு வழக்கில் நீதிபதி பி.கே. முகர்ஜியா, நிறுத்தக் குறிகள் சட்டத்துக்குப் பொருள் சொல்வதில் சிறிய விஷயம், அவையே தீர்மானிக்கக் கூடாது என்று கூறியிருக்கிறாரே என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். ஒரு நீதிபதி கமாவைப் பார்ப்பார், இன்னொருவர் பார்க்கமாட்டார் என்றால் நாம் இன்னும் ஜாக்கிரதையாக அல்லவா இருக்க வேண்டும்?

வெளிநாட்டில் இரண்டு வழக்குகள் பத்திரிகையில் அடிபட்டன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் வண்டி டிரைவர்கள் ஓவர்டைம் கேட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் போட்டிருந்தது. பட்டியலின் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று இருந்தது. 'ஷிப்மென்ட்' என்பதற்குப் பின் கமா இல்லை. ஆகவே அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ மூட்டை கட்டுகிற வேலைக்குத்தான் விலக்கு, நாங்கள் கட்டுகிறவர்கள் இல்லை, ஓட்டுகிறவர்கள் என்றார்கள் டிரைவர்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2018-இல் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. கனடாவில் 2006-இல் இரண்டு கம்பெனிகளுக்குள் கம்ப வாடகை ஒப்பந்தத்தில் ஒரு கமாவால் தகராறு. முதல் ஐந்து ஆண்டுக்குள்ளேயே ஒரு வருஷ நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. கமா இருக்கிறது, செய்யலாம் என்றது ஒழுங்குமுறை ஆணையம். மறு வருஷம், அதே ஒப்பந்தத்தின் பிரெஞ்சுப் பிரதியைப் பார்த்துவிட்டுக் கூடாது என்று தன் முடிவையே மாற்றிக்கொண்டது. நம் வாடகை ஒப்பந்தத்துக்கு யார் பிரெஞ்சுப் பிரதி வைத்திருக்கிறார்கள்?

இனி நம் கடிதங்களில் அடிக்கடி காண்பவை. நீளமான எழுவாய்க்குப் பின் மூச்சு வாங்கி ஒரு கமா போடுகிறோம்: நேற்று வந்தவர், கமா, என் மாமா. தமிழில் இது சரி, ஏனென்றால் அங்கே வினைச்சொல்லே இல்லை, கமா அந்த இடைவெளியைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் 'இஸ்' என்ற வினை வந்துவிடுவதால், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா நிற்கக் கூடாது. இன்னொன்று, இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் தைப்பது. கடிதம் கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி என்று நாம் எழுதுகிற பழக்கம் அப்படியே அங்கே போகிறது. அங்கே முற்றுப்புள்ளி வேண்டும். கடைசியில் 'தேங்கிங் யூ' என்று எழுதிக் கமா போடுகிறோமே, அது தப்பில்லை. ஆனால் அதன் பின் வந்த வால் அறுந்துபோய்விட்டது. உங்களுக்கு நன்றி கூறியபடி நான் இருக்கிறேன், ஐயா, தங்கள் உண்மையுள்ள என்று பழைய காலத்தில் ஒரே வாக்கியமாக ஓடிய ரயில் அது. என்ஜின் மட்டும் மிச்சமிருக்கிறது.

எண்களிலும் கவனம் வேண்டும். லட்சம், கோடி என்று நாம் 1,00,000 என்று பிரிக்கிறோம். மேலை நாட்டில் 100,000. ஜெர்மன் டிராயிங்கில் 2,5 என்று இருந்தால் அது இரண்டரை. இருபத்தைந்து என்று படித்தால் பாகம் பொருந்தாது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பணம் அனுப்பும் படிவம் நிரப்புகிறவர்கள் கமாவை எண்ணாமல் பூஜ்யங்களை எண்ணுங்கள்.

என் அபிப்பிராயத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். மூச்சு விடும் இடத்தில் கமா போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக, இந்தத் துண்டை வெட்டி எடுத்தால் மீதி வாக்கியம் உண்மையாக இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் இரண்டு பக்கமும் கமா. இல்லாவிட்டால் ஒரு பக்கமும் வேண்டாம். அதைவிட முக்கியம், பணமோ வீடோ வேலையோ ஒரு கமாவில் தொங்குகிறது என்று தெரிந்தால், அந்த வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிட வேண்டும். ஒரு போல்ட்டை நம்பிப் பாலம் கட்டுகிறவன் இஞ்சினியர் இல்லை. பரீட்சையில் இதற்கெல்லாம் அரை மார்க்தான் என்று சில பெற்றோர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பரீட்சைக்கு வெளியே இதற்கு அரை மார்க் விலை இல்லை என்பதற்குத்தான் இத்தனை வழக்குகளையும் எழுதினேன்.

இப்போது ரயிலுக்கு வருவோம். மும்பை, சென்னை ரயில்கள் நம் ஊர் வழியாகவே போனாலும், மூட்டை முடிச்சுகளோடு லோக்கல் ஏறிப் புணே ஜங்ஷன் போய்த்தான் அவற்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இங்கே நிறுத்தம் கேட்டு நம் சங்கம் ரயில்வேக்கு அனுப்பப்போகும் மனுவின் நகலைப் பார்த்தேன். மூன்றாம் பாராவில், சென்னைக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ரயில்கள் தேஹு ரோடில் நிற்க வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் எழுதியவர், 'ட்ரெயின்ஸ்' என்பதற்குப் பின்னும் 'சென்னை' என்பதற்குப் பின்னும் கமா வைத்திருந்தார். அதன்படி, இந்த வழியாகப் போகும் எக்ஸ்பிரஸ் எல்லாமே சென்னைக்குத்தான் போகின்றன, எல்லாமே இங்கே நிற்க வேண்டும் என்று ஆகிறது. இத்தனை எக்ஸ்பிரஸையும் தேஹு ரோடில் நிறுத்தச் சொல்லும் மனுவை எந்த ஆபரேட்டிங் அதிகாரியும் இரண்டாம் முறை படிக்கமாட்டார். இரண்டு கமாவையும் எடுத்துவிட்டு, எந்தெந்த வண்டி என்று எண்ணும் பெயரும் தனி வாக்கியமாகச் சேர்க்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். திருத்திய நகல் வரும் ஞாயிறு முதல் பொருளாளர் வீட்டில் இருக்கும். கையெழுத்துப் போட வருகிறவர்கள் மூன்றாம் பாராவை ஒரு தடவை படித்துவிட்டுப் போடவும்.